கறுப்பு தட்டிலேயே இருக்கிறது

பிப்ரவரி 3, திங்கள்

பழைய சாமான் கடையில் வாங்கி வந்த எல்.பி. வினைல் தட்டுகளை இன்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். வண்ணத்தைத் தொடுவதற்கு முன்னால் இதுதான் வேலை. பாடுகிற தட்டின் மேல் நான் வரைவதில்லை; இதில் எனக்குச் சமரசமே கிடையாது. 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு கோடு. அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் 400 மீட்டருக்கு மேல் வரும். அவ்வளவு தூரமும் யாரோ ஒருவருடைய மூச்சு பதிந்திருக்கிறது. அது காதில் விழுகிறவரை தூரிகைக்கு அங்கே இடமில்லை. ஆழமாகக் கீறல் விழுந்து, முள் தாவித் தாவி ஓடுகிறவற்றை மட்டும் தனியே எடுத்து வைத்தேன்.

பிப்ரவரி 5, புதன்

ஜாஸ் சாக்சபோன் கலைஞர் டெக்ஸ்டர் கார்டன். 1948இல் நியூயார்க்கின் ராயல் ரூஸ்ட் கிளப்பில் ஹெர்மன் லெனார்ட் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைகிறேன். கையில் சாக்சபோன், மேலே எழும் சிகரெட் புகை, பின்னால் இருட்டு. இதையே வெள்ளைத் தாளில் வரைந்தால் பாதிப் பொழுது இருட்டைப் பூசுவதிலேயே கழிந்துவிடும். தட்டில் இருட்டு தயாராக இருக்கிறது. வெளிச்சம் பட்ட இடங்களை வைத்தால் போதும்: நெற்றி விளிம்பு, கன்ன மேடு, விரல் முட்டிகள், பித்தளையின் பளபளப்பு. கண்குழியும் கழுத்தின் நிழலும் வினைலே. ஒரு கறுப்பின மனிதரின் முகத்தை வரைந்து முடித்தேன். கறுப்பு டியூபைத் திறக்கவே இல்லை. பழுப்பு, செம்மண் நிறம், ஊதா, ஓரிரு இடத்தில் மஞ்சள், அவ்வளவுதான்.

தட்டை ஸ்பிரிட்டால் துடைத்து விரல் பிசுக்கைப் போக்கிய பிறகு, முகம் வரும் இடத்தில் மட்டும் மெல்லிய அடிப்பூச்சு கொடுக்கிறேன். இல்லாவிட்டால் தண்ணீர் கூடிய அக்ரிலிக் பள்ளத்துக்குள் இறங்கி, கோட்டோடு ஓடிவிடும். புகைக்கு அடிப்பூச்சு வைக்கவில்லை. அங்கே ஓடட்டும் என்று விட்டேன். வெளிர்சாம்பல் வண்ணம் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வளைந்து போயிற்று. என் கையால் அப்படி ஒரு வளைவைப் போட்டிருக்க முடியாது.

பிப்ரவரி 9, ஞாயிறு

வீட்டுக்கு வந்த தோழி கேட்டாள்: "பாட்டைக் கேட்டால் போதாதா? முகம் எதுக்கு?"

மதியம் முழுக்க இதற்குத்தான் பதில் சொன்னேன். 1957இல் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'மைல்ஸ் அஹெட்' தட்டு வெளிவந்தபோது, கொலம்பியா நிறுவனம் உறையில் போட்ட படம் பாய்மரப் படகில் உட்கார்ந்திருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஊதியவர் மைல்ஸ், இசையமைப்பை ஒழுங்கு செய்தவர் கில் எவன்ஸ். படகுக்கும் அந்தப் பெண்ணுக்கும் இதில் என்ன வேலை? தயாரிப்பாளர் ஜார்ஜ் அவாக்கியனிடம் மைல்ஸ் நேராகவே சண்டை போட்டார். பின்னால் வந்த பதிப்புகளில்தான் உறையில் அவர் படம் வந்தது. 1961இல் 'சம்டே மை பிரின்ஸ் வில் கம்' வந்தபோது தன் மனைவி ஃபிரான்சிஸ் டெய்லரின் முகத்தை உறையில் வைக்கச் செய்தார். சண்டை போடும் வலு மைல்ஸுக்கு இருந்தது. அது இல்லாத எத்தனையோ பேர், தங்கள் தட்டின் உறையிலேயே தாங்கள் இல்லாமல் போனார்கள்.

எல்லாரும் அப்படி நடந்துகொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி நியூயார்க் வந்த ஃபிரான்சிஸ் வுல்ஃப், புளூ நோட் நிறுவனத்தின் ஒலிப்பதிவுகளில் கேமராவும் கையுமாக நின்றார். வியர்வையோடு வாசித்துக்கொண்டிருக்கும் முகங்கள் அவரால்தான் உறைக்கு வந்தன. தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸின் தட்டு உறைகளுக்கு டேவிட் ஸ்டோன் மார்ட்டின் மசிக்கோட்டில் வரைந்தார். ஓரிடத்தில் மயிரிழை, அடுத்த இடத்தில் தடித்துக் கசியும் கோடு. நான் வரையக் கற்றதே அவருடைய உறைகளைப் பார்த்துத்தான்.

தட்டின் மேல் முகம் வரைவது சுவர் அலங்காரம் என்று சிலர் நினைக்கிறார்கள். உறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட முகம் தட்டின் மேலேயே வந்து அமர்வதாகத்தான் நான் பார்க்கிறேன். தோழி ஒப்புக்கொண்டாளா தெரியாது. டெக்ஸ்டரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 12, புதன்

டிஸ்ஸி கில்லெஸ்பி. ஊதும்போது உப்பும் அந்தக் கன்னங்களுக்கு வட்டத் தட்டு வெகு பொருத்தம். 1953இல் ஒரு விருந்தில் யாரோ இடறி விழுந்து டிரம்பெட் வளைந்துபோக, அந்த வளைவு பிடித்துப்போய் அப்படியே செய்து வாங்கிக்கொண்டவர். டிரம்பெட்டின் மேல்நோக்கிய வாயைத் தட்டின் விளிம்புவரை கொண்டுபோனேன். நடுத்துளை கன்னத்தில் விழுந்தால் காயமாகத் தெரியும். அதனால் முகத்தை மேலே ஏற்றினேன். லேபிள் சட்டை மார்பில் வந்தது.

பிப்ரவரி 15, சனி

ஆலிஸ் கோல்ட்ரேன் இரண்டு நாளாகக் கையை ஒடிக்கிறார். ஹார்ப்பின் தந்திகள் நேர்கோடுகள், பள்ளங்களோ வட்டம். குறுக்கே இழுக்கும்போது தூரிகை முனை ஒவ்வொரு பள்ளத்திலும் தடுக்கிக் கோடு பிசிறுகிறது. கடைசியில் தூரிகையை வைத்துவிட்டு அக்ரிலிக் பேனாவை எடுத்தேன்.

வரையும்போது ஓடியது 1971இல் வந்த 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967இல் இறந்த பிறகு ஆலிஸ் தேடிப் போன குரு சுவாமி சச்சிதானந்தா, கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிப்பாளையத்தில் பிறந்தவர். தம்பூரா சுருதியின் மேல் ஹார்ப்பும் ஃபேரோ சாண்டர்ஸின் சாக்சபோனும் வருகிற அந்தத் தட்டு, கீறலே இல்லாமல் என்னிடம் இருக்கிறது. அதை யாரும் தொட விடமாட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

அடுத்தது பாஸ் வாசித்த பால் சேம்பர்ஸ். இதுவரை வரைந்தவர்கள் பெயர் பெரிதாக அச்சானவர்கள். சேம்பர்ஸ் 'மைல்ஸ் அஹெட்'டிலும் வாசித்தார், 1959இல் வந்த 'கைண்ட் ஆஃப் புளூ'விலும் வாசித்தார். அதிலுள்ள 'சோ வாட்' தொடங்கும்போது மெட்டைச் சொல்வது அவருடைய பாஸ்தான். 1969இல் இறந்தபோது வயது 33. உலகமே கேட்ட கை அது. முகத்தைச் சொல்லத் தெரிந்தவர் சிலர்தான்.

ஆளுயர வாத்தியம் வட்டத்துக்குள் அடங்க மறுக்கிறது. முழுதாக வைத்தால் மனிதர் சிறுத்துப்போகிறார். பாஸின் கழுத்தையும் அதைப் பற்றிய இடது கையையும் மட்டும் வைத்து, முகத்தை நெருக்கிக் கொண்டுவரப் பார்க்கிறேன். லேபிளில் அச்சான பெயர் வேறு யாருடையதோ. அதை முழுக்க மூடிவிட்டு, பால் சேம்பர்ஸ் என்று எழுதப்போகிறேன்.