லியூக்த்ராவின் இடப்பக்கம்

சிறுபடை பெரும்படையை வென்ற செய்தி எதுவாயினும் நம் செவிக்கு இனிக்கும். பத்ருப் போர்க்களத்து முந்நூற்றுப் பதின்மூவரின் வரலாற்றைப் பிள்ளைப் பருவம் முதல் கேட்டு வளர்ந்தவர்களன்றோ நாம்! ஆயினும் அவ்வினிமையிலேயே மயங்கி, முயற்சியின்றி வெற்றியை எதிர்பார்த்திருப்போரும் நம்மிடையே உளர். பத்ரிலும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அணிகளைச் சீர்செய்து நிறுத்திய பின்னரே துஆவுக்குக் கையேந்தினார்கள் என்பதை அன்னார் நினைப்பதில்லை. அவர்கள்பொருட்டே யூனான் தேசத்துப் போரொன்றை இங்கு எடுத்துரைக்கிறோம்.

கி.மு. 371இல் லியூக்த்ரா என்னுமிடத்தில் ஸ்பார்த்தாவும் தீப்ஸும் பொருதன. ஸ்பார்த்தாவின் பக்கம் ஏறத்தாழப் பத்தாயிரவர்; தீப்ஸின் பக்கம் ஆறேழாயிரவர் என்பர்.

யூனானியக் காலாட்படையில் ஒருவன் இடக்கையில் ஏந்திய கேடயம் அவனுக்கு இடப்புறம் நிற்பவனையும் காக்கும். ஆகவே ஒவ்வொருவனும் தன் வலப்புறத் தோழனின் கேடயத்தை நாடி ஒதுங்க, படை முழுவதுமே வலம் நோக்கிச் சாயும். (ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் நமக்கு இது எளிதில் விளங்கும், அவர்களை நெருங்கச் செய்ததோ அச்சம்!) வலக்கோடியே மேன்மக்கள் நிற்கும் பெருமைக்குரிய இடம்.

தீப்ஸின் தளபதி எப்பாமினோந்தாஸ் இம்மரபை மாற்றினார். தேர்ந்த வீரரை இடக்கோடியில், ஸ்பார்த்த மன்னர் கிளியோம்ப்ரோட்டஸுக்கு நேரெதிரே, ஐம்பது வரிசை ஆழத்தில் நிறுத்தினார். எதிரே இருந்தவையோ பன்னிரண்டு வரிசைகளே. எஞ்சிய தம் அணிகளைப் பின்தங்கி நிற்கச் செய்தார். களம் முழுவதையும் எண்ணினால் அவர் படை சிறிது. வெற்றி முடிவாகும் அம்முனையில் எண்ணினால் பெரிது!

ஸ்பார்த்தாவில் குதிரை வளர்ப்போர் செல்வர். போரில் ஏறிச் செல்வோர் வேறு சிலர். படை திரண்ட பின்னரே குதிரையைக் காணும் இவ்வீரர்கள் விரைவில் முறிந்து, தம் காலாட்படைமீதே வந்து விழுந்தனர். மன்னர் மாண்டார். களத்திலிருந்த ஸ்பார்த்தக் குடிமக்கள் சுமார் 700 பேரில் 400 பேர் மடிந்தனர்.

செய்தி எட்டியபோது ஸ்பார்த்தாவில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஆட்சியாளர் அதனை நிறுத்தவில்லை. பெண்டிர் ஓலமிடலாகாதென்றும் பணித்தனர். மறுநாள் மாண்டோரின் உற்றார் மலர்ந்த முகத்துடன் வெளிவந்தனர் என்றும், உயிர் பிழைத்தோரின் உற்றாரே தலைகவிழ்ந்து நடந்தனர் என்றும் செனோஃபோன் எழுதுகிறார். ஸ்பார்த்தாவின் நண்பரான அவர், இப்போரை வருணிக்கையில் எப்பாமினோந்தாஸின் பெயரைக்கூடக் குறிக்கவில்லை.

மாண்ட 400 பேருக்கு ஈடாக ஆள் சேர்க்க ஸ்பார்த்தாவால் இயலவில்லை. குடியுரிமையைச் சிலருக்குள்ளேயே அடக்கி, உழுது சோறிட்டோரை அடிமைகளாகவே வைத்திருந்த நாடு அது. தலைமுறை தலைமுறையாக அவ்வாறு அடிமைப்பட்டிருந்த மெஸ்ஸீனியருக்குக் கி.மு. 369இல் விடுதலை அளித்து, நகரொன்றையும் எழுப்பித் தந்தவர் எப்பாமினோந்தாஸே. அந்நகரின் கல்மதில்கள் பலவிடங்களில் இன்றும் நிற்கின்றன.