எழுத்தும் எத்தனமும்

திருவண்ணாமலையைப் பற்றி நம்மவர் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. 1896-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள், வேங்கடராமன் என்னும் பதினாறு வயதுச் சிறுவன் மதுரையில் வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளாமல் ரயிலேறினான். தமையனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று கையில் தரப்பட்ட 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, எஞ்சிய இரண்டைக் கடிதத்துடன் வைத்துவிட்டுப் புறப்பட்டவன் அவன். பழைய பூகோளப் படத்தைப் பார்த்துத் திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கியிருந்தான். திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது, விழுப்புரத்தில் வண்டி மாறிக்கொள் என்று அவனுக்கு வழி சொன்னவர், அதே பெட்டியில் பயணம் செய்த வெண்தாடி மவ்லவி ஒருவர். அச்சிறுவனே பின்னாளில் ரமண மகரிஷி எனப்பட்டார்.

அந்த மவ்லவி அந்தப் பெட்டியில் ஏறியது விதியா, தற்செயலா என்று கேட்போர் உண்டு. எனக்கு வேறொன்று தோன்றும். வழி தெரிந்த பின்னும் அவனுக்கு நடை மிச்சமாகவில்லை. காசு மாம்பழப்பட்டு வரைக்குமே போதுமாயிருந்தது. அப்பால் கால்நடை. கீழூரில் காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்து, மீண்டும் ரயிலேறி, செப்டம்பர் முதல் நாள் மலையடிவாரம் சேர்ந்தான்.

இரண்டாண்டுகள் கழித்து, 1898 டிசம்பரில், தாயார் அழகம்மாள் மூத்த மகனுடன் தேடி வந்தார். பவழக்குன்றில் இளைஞர் மௌனமாக இருந்தார். தாய் நாள்தோறும் வந்து அழுதார். கண்டவர் மனம் பொறாமல் தாளும் பென்சிலும் கொடுக்க, இளைஞர் எழுதிக் காட்டினார். அவரவர் பிராரப்தப்படி ஆட்டுவிப்பவன் ஒருவன் இருக்கிறான். நடவாதது எவ்வளவு முயன்றாலும் நடவாது, நடப்பது எவ்வளவு தடுத்தாலும் நில்லாது. ஆதலால் மௌனமே நன்று என்பது அதன் கருத்து. பெற்றவள் அந்தத் தாளைப் படித்தபோது எப்படி இருந்திருக்கும்! அவர் வெறுங்கையுடன் ஊர் திரும்பினார்.

விதிவாதிகள் இந்த இடத்திலேயே கதையை நிறுத்திவிடுவார்கள். ஆனால் 1914-இல் அதே தாய் மலைக்கு வந்தபோது டைபாய்டு காய்ச்சலில் படுத்துவிட்டார். மகன் அருகிருந்து பணிவிடை செய்ததோடு, தாயின் நோய் தீர வேண்டி அருணாசலத்தை நோக்கி நான்கு தமிழ்ப் பாடல்கள் பாடினார். நடப்பது நில்லாது என்று எழுதிய அதே கை, நோய் நிற்க வேண்டும் என்று விண்ணப்பம் எழுதியது! இதை முரண்பாடு என்று நகைப்பவர்கள் தாயின் காய்ச்சல் தலையைத் தொட்டுப் பார்க்காதவர்கள் என்பேன்.

புராணங்களும் இப்படித்தான். மார்க்கண்டனுக்குப் பதினாறே வயது என்று பெற்றோருக்கு முன்கூட்டியே தெரியும். ஆயினும் அவன் காலன் வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார்.

நமக்குக் கத்ரின் மீது ஈமான் கொள்வது கடமை. அதை எப்படிக் கொள்வது என்பதை ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் காட்டிச் சென்றார்கள். ஷாம் தேசம் நோக்கிச் சென்ற அவர்கள் ஸர்க் என்னுமிடத்தில் அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து, ஆலோசனை கலந்து, திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அவனது ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கு என்று கலீபா விடை பகர்ந்தார்கள். பள்ளத்தாக்கின் ஒரு சரிவு பசுமை, மறு சரிவு வறட்சி; ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் அவன் விதிப்படியே என்று விளக்கமும் தந்தார்கள். அபூ உபைதா (ரலி) தம் மக்களுடன் ஷாமிலேயே தங்கி, அந்நோயிலேயே ஷஹீதானார்கள். திரும்பியவரையும் தங்கியவரையும் நாம் ஒருசேரப் போற்றுகிறோம்.

இந்தப் பசுஞ்சரிவின் நினைவு எனக்கு வருவது என் தங்கையால். இருபத்து நான்கு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் எங்கள் திருவண்ணாமலை வீட்டுக்குத் திரும்பினாள். இத்தா முடிந்து ஓராண்டாயிற்று. மறுமணப் பேச்சை எடுத்தேன். பெரிய மாமா தலையை அசைத்தார். "அவள் நஸீபு அவ்வளவுதான் தம்பி. எழுத்தை மாற்ற நாம் யார்?" என்றார். கெட்ட மனிதர் அல்லர், தொழுகை தவறாதவர். அடுப்படியிலிருந்து அம்மா வந்தார். "ஏண்ணே, உங்கள் மகனுக்கு மஞ்சள்காமாலை கண்டபோது இரவோடிரவாக வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினீர்களே, அன்று இந்த எழுத்து எங்கே போயிருந்தது?" என்றார்.

மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பதிலில்லை. தன் துயரத்துக்கு ஒருவன் விதியென்று சொல்வது ஸபர். அடுத்தவர் துயரத்துக்கு அதைச் சொல்வது என்னவென்று அன்றுமுதல் யோசித்து வருகிறேன். இரண்டு இடங்கள் குழந்தையைக் காரணம் காட்டித் தட்டிப்போயின. மூன்றாவது இடம் கூடிவந்தது. அதுவும் எழுத்துத்தான் என்றார் மாமா. இருக்கட்டும், மூன்று வாசற்படி ஏறி இறங்கியது நாங்கள்.

அழகம்மாளின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். மகனை அழைத்துப்போக இயலாத அந்தத் தாய், 1916-இல் தாமே வந்து மகனுடன் மலையில் தங்கிவிட்டார். 1922 மே 19-ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தபோது மகனின் கைகள் அவர் மார்பிலும் தலையிலும் இருந்தன. மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் மகன் மலையைவிட்டு இறங்கி அந்தச் சமாதியின் அருகில் வந்து தங்கினார். இன்றுள்ள ரமணாசிரமம் அதைச் சுற்றி வளர்ந்ததுதான்.