போய்ச் சேர்ந்தது, பதிவாகவில்லை

"ஆர்டர் போகலை சார்" என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பது இதுதான்: அங்கே போய்ச் சேரவே இல்லையா, சேர்ந்தும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லையா? முதலாவது என்றால் ட்ரான்ஸ்போர்ட்டில் தேட வேண்டும். இரண்டாவது என்றால் கனெக்டரில், அல்லது அதற்கும் அப்பால்.

ட்ரான்ஸ்போர்ட்டுக்கு ஹெச்டிடிபி, எஃப்டிபி, ஜேஎம்எஸ் தெரியும். தான் சுமப்பது ஆர்டரா கல்யாணப் பத்திரிகையா என்ற கவலை அதற்குக் கிடையாது. அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கனெக்டருக்கோ எதிரில் இருப்பது சேல்ஸ்ஃபோர்ஸ் என்று தெரியும். டோக்கன் காலாவதியானால் புதிதாக வாங்கிக்கொள்ளவும் தெரியும். கொழும்பில் பிறந்த இன்டக்ரேஷன் மென்பொருளான டபிள்யூஎஸ்ஓ2-வில் இந்தப் பிரிவு கண்ணுக்கே தெரியும்: ட்ரான்ஸ்போர்ட்டை சர்வரின் கான்ஃபிக் ஃபைலில் இயக்க வேண்டும், கனெக்டர் ஒரு ஜிப் ஃபைலாக வந்து சேரும். மியூல் 4-லோ எல்லாமே கனெக்டர்தான், ஹெச்டிடிபி உட்பட. இழுத்துப் போட வசதிதான். ஆனால் அந்தப் பெட்டிக்கு அடியில் ஒரு சாக்கெட் திறந்து மூடுகிறது என்பதே புதுப் பிள்ளைகளுக்கு மறந்துபோகிறது.

எஸ்ஏபிக்கு அதன் ஆவண வடிவமான ஐடாக் அனுப்புகிறவர்களுக்கு, போய்ச் சேர்ந்தும் பதிவாகாமல் போவது பழகிய தலைவலி. நம் பக்கத்து லாக் முழுக்கப் பச்சை. அங்கே ஐடாக்குகளைக் காட்டும் டபிள்யூஇ02-வைத் திறந்தால் ஸ்டேட்டஸ் 51. அதாவது ஐடாக் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆவணம் பதிவாகவில்லை. பதிவாகியிருந்தால் 53 காட்டும். பெரும்பாலும் ஏதோ ஒரு மெட்டீரியல் அந்த பிளான்டில் உருவாக்கப்படாமல் இருக்கும். அதைச் சரிசெய்து பிடி87-ல் மறுபடி ஓட்டினால் முடிந்தது. அவசரத்தில் நாம் இங்கிருந்து மறுபடி அனுப்பினால் இன்னொரு ஐடாக்தான் உருவாகும். சேல்ஸ்ஃபோர்ஸும் இதே ரகம். பல ரெக்கார்டுகளைச் சேர்த்து அனுப்பினால் ஹெச்டிடிபி 200 வரும். பதிலைப் பிரித்துப் பார்த்தால் நடுவில் ஒன்றுக்கு மட்டும் சக்சஸ் ஃபால்ஸ்.

கனெக்டர் காப்பாற்றாத இடங்களும் உண்டு. எஃப்டிபி ஃபோல்டரில் ஃபைல் பாதி ஏறும்போதே எடுத்துவிட்டால் எந்தக் கனெக்டராலும் மீதியை வரவழைக்க முடியாது. அனுப்புகிறவர் தற்காலிகப் பெயரில் ஏற்றி, முடிந்தபின் பெயர் மாற்ற வேண்டும்.

டைம்-அவுட்தான் ட்ரான்ஸ்போர்ட்டுக்கும் கனெக்டருக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற விவகாரம். பதில் வரவில்லை என்பதை மட்டுமே ட்ரான்ஸ்போர்ட் சொல்லும். வேலை நடந்ததா என்று அதற்குத் தெரியாது. அங்கே ஆர்டர் ஏற்கெனவே உருவாகியிருந்தால், ரீட்ரை இன்னொன்றை உருவாக்கும். அதனால் சேல்ஸ்ஃபோர்ஸுக்கு ஆர்டர் அனுப்பும்போது கிரியேட்டை நான் தொடுவதில்லை: எக்ஸ்டர்னல் ஐடி வைத்து, இருந்தால் புதுப்பிக்கும், இல்லாவிட்டால் உருவாக்கும் அப்சர்ட்தான்.