232 வருஷம் பகா எண் வேஷம்

சதுரங்கம் கண்டுபிடித்தவர் ராஜாவிடம் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக அரிசி கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பலகையில் இன்னும் மூன்றே மூன்று கட்டம் சேர்த்தால், மொத்தம் 147573952589676412927 அரிசி. 2-இன் 67-ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவு.

இது பகா எண் என்று 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி எழுதிவைத்தார். பெரிய மனுஷர் சொன்னது, 21 இலக்கம் வேறு... யார் சரிபார்ப்பது? 1876-இல்தான் எதுவார்த் லூக்கா இது பகு எண் என்று நிரூபித்தார். வேடிக்கை என்னவென்றால், எந்த எண்ணால் வகுபடும் என்று அவருக்கே தெரியாது! இருப்பாய்வு போட்டவர்களுக்கு இது புரியும். இரண்டு பக்கமும் இடிக்கிறது, தப்பு நிச்சயம், ஆனால் எந்தப் பதிவில்?

அந்தப் பதிவைப் பிடித்தவர் அமெரிக்கரான ஃபிராங்க் நெல்சன் கோல். 1903 அக்டோபரில், நியூயார்க்கில் நடந்த கணிதக் கழகக் கூட்டத்தில் விடையை வைத்தார்:

193707721 × 761838257287

வாயே திறக்காமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தாராம், சபையே கைதட்டியதாம். மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கே போயினவாம். எல்லாம் ஈ. டி. பெல் பின்னாளில் எழுதியது. கொஞ்சம் மசாலா இருக்கலாம். பெருக்கலில் மசாலா இல்லை.

இன்றைய கணினிக்கு இது கண் சிமிட்டும் வேலை. காகிதத்தில் தேடியவருக்கு ஒரே ஒரு சலுகை உண்டு: இந்த எண்ணின் எந்தக் காரணியையும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும். அப்படியும் சின்னக் காரணி 14,45,580-ஆவது இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. சந்தேகமா? 193707721-இல் ஒன்றைக் கழித்து 134-ஆல் வகுத்துப் பாருங்கள்.