ஏழு படிகளும் ஒரு சாய்தளமும்



எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் முகப்பில் ஏழு படிகள் உண்டு. சிறுவயதில் அவற்றை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறியிருக்கிறோம். பெருநாள் காலைகளில் அவற்றில் அமர்ந்து புத்தாடையைக் காட்டிப் பெருமை பேசியிருக்கிறோம். ஆனால், அவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் தேவை எங்களுக்கு நாற்பது வயதை நெருங்கும்வரை வந்ததில்லை. எங்கள் தம்பி வலது காலை இழந்த பிறகுதான் எண்ணினோம்.

நாங்கள் மூவர்: காக்காமார் இருவர், லாத்தா ஒருவர். தம்பி கடைக்குட்டி. இரவுத் தொழுகை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பியவன் மீது சரக்கு வண்டி ஒன்று மோதியது. தொடையின் நடுப்பகுதியில் காலை எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் மிஞ்சியதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தினோம், இன்றும் செலுத்துகிறோம். ஆனால், அந்த நன்றியோடு எங்கள் பொறுப்பு முடிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டோமே, அங்கேதான் எங்கள் பிழை தொடங்கியது.

முதல் சில மாதங்கள் வெள்ளிக்கிழமைதோறும் எங்களில் ஆண்கள் இருவரும் அவனைச் சக்கர நாற்காலியோடு தூக்கிப் படியேற்றினோம். ஜமாஅத்தார் வழிவிட்டு நிற்பார்கள். சிலர் கண்கலங்குவார்கள். சிலர் அவன் தலையைத் தடவி, "ஸப்ர் செய்யுங்க தம்பி" என்பார்கள். எங்களுக்கும் உள்ளூர ஒரு நிறைவு இருந்தது. தம்பிக்காக நாம் எவ்வளவு செய்கிறோம் என்னும் நிறைவு. ஒரு வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை என்று சொல்லிவிட்டான். அடுத்த வாரமும் அப்படியே. உம்மா அழுதார். நாங்கள் அவனுக்கு ஈமான் குறைந்துவிட்டதோ என்றுகூட எங்களுக்குள் பேசிக்கொண்டோம். கடைசியில் கேட்டபோது அவன் சொன்னது இவ்வளவுதான்: "காக்கா, ஊரே பாக்க என்னை மூட்டை மாதிரி தூக்காதீங்க. எனக்கு ஜும்ஆ கடமை இல்லைன்னு ஹஜ்ரத் சொல்லிட்டாங்க. வீட்டுலேயே லுஹர் தொழுதுக்கிறேன்."

மார்க்கத்தில் அவனுக்குச் சலுகை உண்டு என்பது உண்மையே. நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழலாம் என இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை நாம் அறிவோம். ஒளுவிலும் அப்படியே. கணுக்காலுக்கு மேலே கால் எடுக்கப்பட்டவருக்கு அந்தக் காலைக் கழுவும் கடமை நீங்கிவிடுகிறது. செயற்கைக் கால் உடலின் உறுப்பன்று. அதைக் கழுவ வேண்டியதில்லை. இவற்றையெல்லாம் ஹஜ்ரத் பொறுமையாக விளக்கியபோது எங்களுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால், அவனுடைய வசதிக்காக அல்லாஹ் அருளிய அந்தச் சலுகைகளை, ஒரு சாய்தளம் அமைக்காமல் இருப்பதற்கான எங்கள் வசதியாக நாங்கள் மாற்றிக்கொண்டோம். அப்போது அது எங்களுக்குப் புரியவில்லை.

இரண்டாம் ஆண்டு அவன் செயற்கைக் கால் பொருத்திக்கொள்ளப் போன இடத்தில், அவனைப் போலவே காலிழந்த ஒருவரைச் சந்தித்தான். அவர் மூலம் சிட்டிங் வாலிபால் எனப்படும் அமர்வுக் கைப்பந்து விளையாட்டைப் பற்றி அறிந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சிக்குப் போக வேண்டும் என்றான். நாங்கள் மூவரும் ஒரே குரலில் மறுத்தோம். பேருந்தில் ஏறி இறங்குவது யார்? விழுந்து இன்னொரு எலும்பு முறிந்தால்? நாலு பேர் முன்னால் செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் தவழ்வதா? தொடை தெரியுமே என்றும் ஒரு காரணம் கண்டுபிடித்தோம். அதற்கு அவன், முழங்காலுக்குக் கீழே இறங்கும் கால்சட்டை ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினான். அதை அவன் முன்பே தைத்து வைத்திருந்தான்.

எங்கள் வாயை அடைத்தது அந்தக் கால்சட்டையன்று; அவ்வாரம் பயானில் கேட்ட வரலாறு. அம்ர் இப்னுல் ஜமூஹ் (ரலி) அவர்கள் கால் ஊனமுடையவர். உஹதுக்குப் புறப்பட அவர் ஆயத்தமானபோது அவருடைய மைந்தர்கள் தடுத்தார்கள். அவர்களும் கெட்ட எண்ணத்தில் தடுக்கவில்லை. வாப்பாவுக்குக் கடமை இல்லையே, நாங்கள் இருக்கிறோமே என்ற அன்பில்தான் தடுத்தார்கள். அவர் நேரே நபி (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டார். அவருக்கு அல்லாஹ் விலக்களித்திருப்பதை நபியவர்கள் அவருக்கு எடுத்துச் சொன்னார்கள். பிறகு மைந்தர்கள் பக்கம் திரும்பி, அவரைத் தடுக்க வேண்டாம் என்றார்கள். அவர் சென்றார், ஷஹீதானார்.

போர்க்களமும் விளையாட்டுத் திடலும் ஒன்றல்ல என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால், அந்த மைந்தர்களின் இடத்தில் நாங்கள் நிற்பது தெளிவாகத் தெரிந்தது. விலக்கு என்பது அவருக்குக் கொடுக்கப்பட்டது. அதை எடுத்துக்கொள்வதும் எடுக்காமல் விடுவதும் அவருடைய உரிமை. அதைக் கயிறாகத் திரித்து அவரைக் கட்டிப்போடும் உரிமை பிள்ளைகளுக்கும் இல்லை, உடன்பிறந்தோருக்கும் இல்லை.

அடுத்த ஞாயிறு அவனோடு போனோம்.

அமர்வுக் கைப்பந்தை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. பத்து மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் கொண்ட ஆடுகளம். ஆண்களுக்கான வலையின் உயரம் 1.15 மீட்டர். அணிக்கு ஆறு பேர். பந்தை அடிக்கும் நொடியில் இடுப்புப் பகுதி தரையை விட்டு எழக்கூடாது; எழுந்தால் புள்ளி எதிரணிக்கு. கால் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் விதி ஒன்றே. வலை தாழ்வாக இருப்பதால் பந்து மிக விரைவாக வருகிறது. நகர்வதும் கைகளால், பந்தைத் தடுப்பதும் அதே கைகளால். நிமிட நேரம் தரையில் அமர்ந்து முயன்று பார்த்த எங்களுக்குத் தோள் கடுத்தது. தம்பியோ வியர்வை வழியச் சத்தமிட்டுச் சிரித்தான். விபத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டோம். அரங்கின் ஓரத்தில் செயற்கைக் கால்கள், செருப்புகளைப் போல, வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. அங்கே அவற்றை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அஸருக்கு நேரமானதும் அவன் ஆடுகளத்தின் ஓரத்திலேயே விரிப்பைப் போட்டு, அமர்ந்தபடியே தக்பீர் கட்டினான். யாரும் அவனைத் தூக்கவில்லை. யாரும் கண்கலங்கவில்லை.

அதன்பின் இவ்விளையாட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டு இயக்கம் ஒரு மருத்துவமனையில் பிறந்தது. நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு காயம்பட்ட வீரர்களுக்கான பிரிவைத் தொடங்கினார். அக்காலத்தில் அத்தகைய நோயாளிகள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துபோவதே வழக்கம். அவர் அவர்களை மணிக்கணக்குப் பார்த்துப் புரட்டிப் படுக்கவைத்தார். பிறகு எழுப்பி உட்காரவைத்தார். பிறகு கையில் வில்லைக் கொடுத்தார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அங்கே வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். 1960-இல் ரோம் நகரில் ஏறத்தாழ 400 பேர் கூடினர். அதுவே முதல் பாராலிம்பிக் போட்டியாக இன்று கணக்கிடப்படுகிறது.

எங்களை மிகவும் உலுக்கியது இரண்டு நாடுகளின் கதை. ஈரானில் 1980 முதல் 1988 வரை நீண்ட போரில் கைகால் இழந்தவர்கள் பலர் அமர்வுக் கைப்பந்துக்கு வந்தார்கள். போஸ்னியாவில் 1992 முதல் 1995 வரை நடந்த போரில் கண்ணிவெடியாலும் எறிகணையாலும் காலிழந்தவர்கள், முற்றுகையால் சிதைந்த சரயேவோ நகரில் கழகங்கள் அமைத்து விளையாடினார்கள். 2000 முதல் 2016 வரை ஐந்து பாராலிம்பிக் போட்டிகளிலும் ஆண்கள் இறுதி ஆட்டம் இவ்விரு நாடுகளுக்கிடையேதான் நடந்தது. 2000, 2008, 2016 ஆகிய ஆண்டுகளில் ஈரான் வென்றது. 2004-லும் 2012-லும் போஸ்னியா வென்றது. குண்டு விழுந்த ஊர்களின் மனிதர்கள், தரையில் அமர்ந்து, உலகின் முதலிடத்துக்காக ஒருவரையொருவர் எதிர்கொண்டார்கள். போர் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றின் பட்டியலை நாம் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். எடுக்க முடியாமல் போனது எது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

எகிப்தின் இப்ராஹீம் ஹமத்து சிறுவயதில் ரயில் விபத்தில் இரு கைகளையும் இழந்தவர். மட்டையை வாயில் கவ்விக்கொண்டு, கால்விரல்களால் பந்தைத் தூக்கிப் போட்டு, ரியோவிலும் டோக்கியோவிலும் மேசைப்பந்து ஆடினார். நம் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்தவர். காய்கறி விற்ற தாயால் வளர்க்கப்பட்டவர். 2016-இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளியும் பாரிஸில் வெண்கலமும் பெற்றார்.

இவர்களைப் பற்றி வீட்டில் ஆர்வமாகப் பேசிக்கொண்டிருந்தபோது தம்பி ஒரு சொல் சொன்னான். அதை இங்கே பதிந்தாக வேண்டும். "லாத்தா, பதக்கம் வாங்குனாத்தான் மனுசனா? நான் மாவட்ட அணியிலகூட இல்ல. மாற்று ஆட்டக்காரனாத்தான் உக்காந்திருக்கேன். எனக்கு அதுவே போதும்." நாங்கள் வெட்கினோம். முதலில் இரக்கத்தால் அவனைச் சிறியவனாக்கினோம். பிறகு வியப்பால் அவனைப் பெரியவனாக்கப் பார்த்தோம். அவன் கேட்டது இரண்டையும் அல்ல. நம்மைப் போல ஒருவனாக வந்துபோக ஒரு பாதையைத்தான் கேட்டான்.

அப்பாதையைப் பற்றி நம் மார்க்கம் சொல்லாமல் விடவில்லை. பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பொருட்டு, நபி (ஸல்) அவர்களையே கண்டித்து 'அபஸ' அத்தியாயம் இறங்கியது. அதே தோழர் பிலால் (ரலி) அவர்களோடு பாங்கு சொல்பவராக இருந்தார். நபியவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பில் அமர்த்தப்பட்டார். தம்மை அழைத்துவர ஆளில்லை, வீட்டிலேயே தொழலாமா என்று பார்வையற்ற ஒருவர் கேட்டபோது, பாங்கொலி கேட்கிறதா என வினவி, கேட்கிறது என்றதும், அப்படியானால் வாரும் என்றார்கள் நபியவர்கள். இச்செய்தியை ஜமாஅத் தொழுகையின் வலியுறுத்தலாகவே கேட்டு வந்திருக்கிறோம். இப்போது அதில் எங்களுக்கு இன்னொன்றும் கேட்கிறது. பாங்கு அவரையும்தான் அழைக்கிறது. அழைக்கப்பட்டவர் வந்து சேரும் வழியில் ஏழு படிகளைக் கட்டி வைத்திருப்பவர்கள் நாம்.

ஜமாஅத் கூட்டத்தில் சாய்தளம் பற்றிப் பேசினோம். ஒரு படி அரை அடி வீதம், ஏழு படிக்கு மூன்றரை அடி உயரம். ஓர் அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கட்டடக் கணக்கு. ஆக 42 அடி. "அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? வண்டி நிறுத்தும் இடம் போய்விடுமே, ஓர் ஆளுக்காகவா?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் நல்லவர்கள்; ஓராண்டுக்கு முன் நாங்களும் அப்படித்தான் கேட்டிருப்போம். எங்களிடம் வாதம் ஒன்றும் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை வராதவர்களின் பெயர்களை மட்டும் எழுதிச் சென்றிருந்தோம். பக்கவாதம் வந்தவர், மூட்டு தேய்ந்தவர், இளம்பிள்ளை வாதத்தால் சிறுவயது முதல் ஊன்றுகோலோடு இருப்பவர் என்று எங்கள் ஒரு மஹல்லாவில் மட்டும் பதினொரு பேர். வாசித்து முடித்தபோது கூட்டத்தில் பேச்சில்லை. தலைவரின் வாப்பா பெயரும் அதில் இருந்தது.

இரண்டு மடிப்பாக வளைத்து, கைப்பிடிக் கம்பியோடு சாய்தளம் கட்டி முடிக்க எட்டு மாதங்கள் ஆயின, அல்ஹம்துலில்லாஹ். ஒளுச் செய்யும் இடத்தில் இன்னும் வழுக்கல் தரைதான். கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி நுழையாது. பெண்கள் தொழும் மாடிக்கு ஏற வழியே இல்லை என்பதை எங்களில் லாத்தா ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன் நினைவூட்டி அனுப்புகிறார். வேலை பாக்கியிருக்கிறது.

சாய்தளம் திறந்த முதல் ஜும்ஆவன்று தம்பி தன் சக்கரத்தைத் தானே உருட்டி ஏறினான். உதவப் போன எங்களைக் கையமர்த்தினான். பாதியில் மூச்சு வாங்க நின்றான். பிறகு மேலே போனான். அவனுக்குப் பின்னால் தலைவரின் வாப்பா கம்பியைப் பிடித்தபடி மெல்ல ஏறினார். அவர் பள்ளிக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

அன்புச் சகோதர சகோதரிகளே, உங்கள் பள்ளிவாசலின் படிகளை அடுத்த வெள்ளிக்கிழமை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். யார் வரவில்லை என்பதையும் எண்ணுங்கள். உங்கள் வீட்டில் விளையாட ஆசைப்படும் ஊனமுற்ற பிள்ளை இருந்தால், அன்பின் பெயரால் வழிமறிக்காதீர்கள். எங்களைப் போல இரண்டு ஆண்டுகளை வீணாக்காதீர்கள்.

யா அல்லாஹ், எங்கள் அன்பு பிறருக்குத் தடையாகிவிடாமல் காப்பாயாக. உன் இல்லத்துக்கு வர விரும்பும் எவரும் வாசலில் தேங்கி நிற்காதவாறு எங்களுக்கு வழி செய்யும் மனத்தைத் தருவாயாக. ஆமீன்.