நிலவில் இறங்குதல்

சீவக சிந்தாமணியில் விசயை ஏறிச் சென்ற மயிற்பொறியை நீங்கள் அறிவீர்கள். திருத்தக்க தேவர் அதனைப் பறக்கவிட்டதோடு அமையவில்லை. சுடுகாட்டில் இறக்கியும் காட்டினார். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன், தம் கதைமாந்தர் மூவரைப் பெரிய குண்டு ஒன்றினுள் அமர்த்திப் பீரங்கியால் சந்திரனை நோக்கி எய்தார். அவர்கள் சந்திரனைச் சுற்றிவிட்டுத் திரும்பிவந்து கடலில் வீழ்ந்தனர். சந்திரனில் கால் வைக்கவில்லை. ஏறுவதைவிட இறங்குவது அரிது என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்!

எங்கள் குறிஞ்சிப்பாடிப் பகுதியில் பெருமாள் ஏரி என்னும் பெரிய ஏரி உண்டு. அங்கே நாரைகள் வந்து இறங்குவதைப் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். நீரை நெருங்கியதும் அவை சிறகுகளை அகல விரித்துக் காற்றைத் தடுக்கும், விரைவு குறையும், பின் கால்களை நீட்டி மெல்ல அமரும். காற்றே இல்லாவிடில் அந்த நாரை என் செய்யும்? சந்திரனை நாடும் ஊர்திக்கு நேரும் இடர் அதுவே. அங்குச் சிறகும் உதவாது, வான்குடையும் உதவாது. ஊர்தி தன் பொறிகளைச் செல்லும் திசைக்கு எதிராக இயக்கித்தான் விரைவைக் குறைத்தல் வேண்டும். நாம் அனுப்பும் செய்தி சென்று மீள இரண்டரை நொடி ஆகும். ஆதலால் இங்கிருந்து கடிவாளம் பிடித்தல் இயலாது. உயரத்தையும் வேகத்தையும் ஊர்தியே அளந்து முடிவு செய்தல் வேண்டும்.

செவ்வாயில் காற்று உண்டு. ஆயினும் நம் காற்றின் அடர்த்தியில் நூற்றில் ஒரு பங்கு அளவே. வெள்ளியிலோ அழுத்தம் பூமியைப்போல் 90 மடங்கு. 1970இல் அங்கு இறங்கிய சோவியத்து நாட்டின் வெனீரா-7, தரையிலிருந்து 23 நிமிடம் செய்தி அனுப்பி ஓய்ந்தது. வியாழனில் கால் ஊன்ற நிலமே இல்லை.

2019ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் விடியுமுன், சந்திரயான்-2இன் விக்ரம் ஊர்தி நிலவை நெருங்கிய வேளையில் தொடர்பு அறுந்தது. அது தரையில் மோதிச் சிதைந்தது. விழித்திருந்து பார்த்தோருள் நானும் ஒருவன். "இத்தனை பொருளை இதற்குச் செலவிட வேண்டுமா?" என்று ஊரில் சிலர் கேட்டனர். அக்கேள்வியை நான் இகழவில்லை. தறியை நம்பி வாழும் குடும்பங்கள் பல உள்ள ஊரில், செலவுக்குக் கணக்குக் கேட்பது இயல்பன்றோ? அறிவியலாளரும் தம்மைத் தாமே கணக்குக் கேட்டனர். பொறிகள் எதிர்பார்த்ததினும் மிகுதியாக உந்தியிருந்தன. பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. இறங்கக் குறித்த இடமோ 500 மீட்டர் நீளமும் அதே அகலமும் உடைய சிறு பரப்பு. அதனையே அடைய முயன்று, நிலத்தருகிலும் ஊர்தி விரைந்தது.

சந்திரயான்-3இல் அப்பரப்பை 4 கி.மீ. நீளமும் 2.4 கி.மீ. அகலமுமாக விரித்தனர், கால்களை வலுவாக்கினர், எரிபொருளையும் கூட்டினர். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் பிறந்தவர். 1993 வரை விழுப்புரமும் கடலூரும் தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. ஆதலால் அவரை எம்மவர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சிறிது செருக்கும் உண்டு. சோதனைக்கு உதவிய மண்ணும் தமிழ்நாட்டு மண்ணே. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கும் அனார்த்தோசைட்டு என்னும் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதனைப் பொடித்து நிலவு மண்போல் ஆக்கிப் பயன்படுத்தினர்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள், 30 கி.மீ. உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 6,000 கி.மீ. வேகத்தில் சென்ற ஊர்தி, இருபது நிமிடத்திற்குள் அவ்வேகம் முழுவதையும் இழந்து, மாலை 6 மணி 4 நிமிடத்திற்கு நிலவின் தென்துருவத்தை அடுத்த பகுதியில் அமர்ந்தது. பதினொரு நாள் கழித்து, செப்டம்பர் 3ஆம் நாள், அது கட்டளை பெற்றுப் பொறிகளை மீண்டும் இயக்கியது. சுமார் 40 செ.மீ. உயரம் எழும்பி, சற்றே தள்ளி இரண்டாம் முறையும் இறங்கியது.