ஷேர் வித்த லாபமும் சைல்ட் பெனிஃபிட்டும்

இங்கிலாந்தில் பிள்ளை வளர்க்கிற நம்ம ஆட்கள் நிறைய பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கு. நண்பர் ஒருத்தர் 2025-26 கணக்கைப் போட்டுப் பார்த்துட்டு போன் பண்ணினார். "சம்பளம் 58,000 பவுண்ட். ஷேர் வித்ததில் 15,000 லாபம். 60,000-ஐத் தாண்டிட்டேன், பெனிஃபிட்டை நிறுத்தச் சொல்லி எழுதிடவா?" ரெண்டு பிள்ளைகள், மனைவி வேலைக்குப் போகவில்லை. "எழுதித் தொலைச்சிடாதீங்க" என்றேன்.

2013 ஜனவரியில் வந்த வரி இது. அப்போ வரம்பு 50,000. 2024 ஏப்ரலில் 60,000 ஆக்கினார்கள். அதுக்கு மேலே ஒவ்வொரு 200 பவுண்டுக்கும், வாங்கின பெனிஃபிட்டில் 1 சதவீதம் திருப்பிக் கட்டணும். 80,000 வந்தால் மொத்தமும் போச்சு. தம்பதியில் யார் வருமானம் அதிகமோ அவருடையது மட்டும்தான் கணக்கு. ஆளுக்கு 59,000 வாங்கினால் ஒரு பென்னி கட்ட வேண்டாம். ஒருத்தர் மட்டும் 80,000 வாங்கினால் முழுசும் கட்டணும். இதில் என்ன நியாயம்னு என்னைக் கேட்காதீங்க :-)

மேட்டருக்கு வருவோம். ஷேர் வித்த லாபம் கேபிடல் கெய்ன். அதுக்குத் தனி வரி உண்டு, ஆனா இந்த 60,000 கணக்கில் சேராது. அதே ஷேர் தந்த டிவிடெண்ட் சேரும், பேங்க் வட்டியும் சேரும். முதல் 500 பவுண்ட் டிவிடெண்டுக்கு வரி இல்லையே என்பார்கள். வரிதான் பூஜ்யம், வருமானம் வருமானம்தான். ஐசாவுக்குள் இருந்தால் கவலை இல்லை.

வில்லங்கம் எங்கேன்னா, இன்சூரன்ஸ் கம்பெனிகள் விற்கிற முதலீட்டு பாண்ட். அதில் வரும் லாபத்தை வருமானமாகவே பார்க்கிறார்கள். பத்து வருஷம் வளர்ந்த லாபம், பாண்டை மொத்தமா முடிக்கிற அந்த ஒரே வருஷத்துக் கணக்கில் வந்து விழும். லாபத்தை வருஷவாரியாகப் பிரித்துப் பார்க்கும் டாப் ஸ்லைசிங் சலுகை வருமான வரிக்கு உதவும், இதுக்கு உதவாது. நண்பரின் 15,000 பாண்டில் வந்திருந்தால் வருமானம் 73,000. அதாவது 65 சதவீதம். ரெண்டு பிள்ளைக்கு அந்த வருஷம் வந்த 2,251 பவுண்டில் 1,463 திரும்பப் போயிருக்கும். பாண்ட் வச்சிருக்கிறவங்க ஏப்ரல் 5-க்கு முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம்னு பிரித்து முடிக்க வழி இருக்கான்னு பாருங்க. சொந்தமா பென்ஷனில் போடும் பணமும் இந்தக் கணக்கில் கழியும்.

அப்படியே பணம் வேண்டாம்னு முடிவு பண்ணினாலும் பணத்தை மட்டும் நிறுத்துங்க, விண்ணப்பத்தை விட்டுடாதீங்க. கடைசிப் பிள்ளைக்கு 12 வயசு ஆகும்வரை, வீட்டில் இருக்கிறவருக்கு அரசு பென்ஷனுக்கான வருஷங்கள் அதை வச்சுத்தான் ஏறும். அதனால விண்ணப்பம் அவர் பேரில் இருக்கட்டும்.